சிவப்புச் சால்

பட்டணத்தில் ஒரு மாதம் நெருப்பணைக்கப் படித்துவிட்டு ஆதிகேசவன் ஆம்பூர் ரயிலடியில் வந்து இறங்கியபோது தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் பித்தளை விசில். வெளியே பச்சைத்தோல் பாரம் ஏற்றி நின்ற வண்டிக்காரர் அவனைப் பார்த்ததும் வாயிலிருந்த பீடியை எறிந்துவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார். யாரோ போலீசுத் துரை என்று நினைத்துவிட்டார், பாவம்.

"நான்தாண்ணா, ஆத்தங்கரைத் தெரு கேசவன்."

"அடத் தூ! முழுசா ஒரு பீடி பூட்ச்சேடா உன்னால. இன்னாடா இது வேஷம்? கூத்துல கட்டப் போறியா?"

"கம்பெனிக்கு நெருப்புப் படை வெக்கறாங்கண்ணா. நான்தான் அதுக்குத் தலைவன்."

"தலைவரே, வண்டில ஏறுங்க" என்றார் அவர். உப்பு வடியும் தோல்களின் மேல் உட்கார்ந்து, ஈ விரட்டிக்கொண்டு, தலைவர் தன் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அது முப்பத்துநான்காம் வருஷம். பாலாற்றங்கரையில் இருந்த அந்தத் தோல் கம்பெனியில் தோலைவிட உயரமாகக் குவிந்து கிடந்தது ஆவாரம்பட்டை. தோல் பதப்படுவது அந்தப் பட்டைச் சாற்றில்தான். வெயில்காலத்தில் பட்டை காய்ந்து, தொட்டால் நொறுங்கும். இன்சூரன்ஸ்கார துரை ஒருவர் வந்து அந்தப் பட்டைக் கிடங்கை அண்ணாந்து பார்த்தார். நெருப்பணைக்கப் படித்த ஆளும், பழகிய படையும் இல்லாமல் இந்த இடத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளி பெரிய சாயபுவுக்குக் கண் மங்கிப் போனதிலிருந்து கம்பெனியை நடத்தி வந்தவர் அவருடைய மருமகன் ஆபித் பாஷா. சின்ன சாயபு என்று சொல்வார்கள். அவர் மேஸ்திரி துரைசாமியைக் கூப்பிட்டு, படிக்க அனுப்ப ஒரு ஆள் சொல்லு என்றார். துரைசாமி யோசிக்கவே இல்லை. தன் தங்கை புருஷன் பேரைச் சொன்னான்.

கேசவனுக்குத் துரைசாமி என்றால் உயிர். தங்கை அமிர்தவள்ளியைக் கட்டிக் கொடுத்தவன், சுண்ணாம்புக் குழியில் முழங்கால் நனைய நின்றவனைத் தூக்கிப் பட்டைக் கிடங்கில் உலர்ந்த வேலைக்கு மாற்றியவன், இப்போது பட்டணம் அனுப்பியவன். மச்சான் ஒரு சொல் சொன்னால் இவனுக்கு மறுசொல் வராது. சுண்ணாம்புக் குழி என்னவெல்லாம் செய்யும் என்பதற்குச் சாட்சி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. கேசவனின் அப்பா ஏழுமலைக்கு இரண்டு பாதமும் சுண்ணாம்பில் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நடை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டுத்தோலில் செருப்பு தைப்பார், வார் அறுப்பார், எல்லாரையும் கிண்டல் பண்ணுவார்.

அன்று களி கிண்டிக்கொண்டே அமிர்தவள்ளி கேட்டாள்: "ஒரு மாசமா இன்னாதான்யா கத்துக் குடுத்தாங்க?"

"நெருப்பு எப்படிப் போவும், எதால போவும், எங்க மடக்கணும், எல்லாந்தான்."

"தண்ணி ஊத்துனா அணையுது. இதுக்கு ஒரு படிப்பா?" என்றார் ஏழுமலை.

"அப்படி இல்ல நைனா. புங்க எண்ணெ பத்திக்கினா தண்ணி ஊத்தக்கூடாது, ஜாஸ்தியாவும். மணல்தான் போடணும்."

"அப்ப எல்லாத்துக்கும் மணலே போட்டுடேன். பாலாத்துல இப்ப தண்ணியா கீது, மணல்தானே கீது."

"கூரை பத்திக்கினா வேற ஒண்ணு. எரியற கூரைய வுட்டுடணும். காத்து எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் ரெண்டு கூரைய நீட்டுக் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளிடணும். நெருப்பு வந்து பாக்கும், பத்தறதுக்கு ஒண்ணும் இருக்காது, நின்னுடும்."

"நல்லாக்கீதே! எரியாத வூட்ட இடிக்கறதுக்கா பட்டணம் போயி படிச்சிட்டு வந்த?" என்று அமிர்தவள்ளி சிரித்ததில் மடியில் இருந்த செல்லம்மாளும் சிரித்தது. மூன்று வயசுக் குழந்தைக்கு அப்பனின் விசில்தான் வேண்டும். இரவு முழுக்க அதை ஊதித் தெருவைத் தூங்கவிடாமல் அடித்தது.

தெரு என்றால் ஒரே வரிசையாகப் பனையோலைக் கூரைகள். மேற்கே வைக்கோல் போர்கள், கிழக்கே புளியந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் கம்பெனியின் உயரமான மதில். ஊரில் மற்ற இடங்களில் கூரைக் கீற்றைக் கயிற்றால் கட்டுவார்கள். இந்தத் தெருவில் தோல் வாரால் கட்டுவார்கள். கம்பெனியில் கழித்துப் போடும் துண்டுகளை வாராக அறுத்துக் கட்டினால் மழைக்கும் காற்றுக்கும் அவிழாது, செலவும் இல்லை. ஏழுமலை அறுக்கும் வார்தான் பாதித் தெருவின் கூரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறு வாரமே பயிற்சி ஆரம்பித்தது. வேலை முடிந்த சாயங்காலங்களில் கிணற்றிலிருந்து பட்டைக் கிடங்குவரை இரண்டு வரிசை. ஒன்றில் நிறைந்த வாளி போகும், மற்றதில் வெற்று வாளி திரும்பும். குழியிலிருந்து குழிக்கு ஈரத்தோலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பழகியவர்களுக்கு வாளி கைமாற்றுவது பெரிய வித்தையில்லை. கிணற்று மேட்டில் கவலை ஓட்டும் அப்துல் கரீம் மாடுகளைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடத்தி நீர் இறைத்துத் தொட்டியில் விழச் செய்தான். கரீம் கேசவனுக்குச் சின்ன வயசுத் தோஸ்த். பேட்டையில் வீடு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

முதல் நாள் ஒரு பழைய கீற்றை எரியவிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் திரும்பி நெருப்பை வேடிக்கை பார்த்தார்கள். வாளி கால்மேல் விழுந்தது, தண்ணீர் வேட்டிமேல் விழுந்தது. பட்டணத்தில் பயிற்சி கொடுத்த சார்ஜன் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் கேசவனுக்கு நினைவு வந்தது. வரிசையில் நிற்கிறவன் நெருப்பைப் பார்த்தால் ஒன்று பயப்படுவான், இல்லாவிட்டால் ஓடுவான்.

"நெருப்பப் பாக்காதே, வாளியப் பாரு!" என்று கத்தினான். "நெருப்ப நான் பாத்துக்கறேன். நீங்க பாக்க வேண்டியது வாளி ஒண்ணுதான். எல்லாரும் முதுகக் காட்டி நில்லுங்க."

"மூஞ்சக் காட்டுனாலே நெருப்பு பயப்படும், அந்த ஆளுக்கு" என்று கரீம் மேட்டிலிருந்து ஒருவனைக் காட்டவும் வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆனால் பதினைந்து நாளில் வரிசை பழகிவிட்டது. மணி அடித்தால் ஓடி வருவது, வந்ததும் கேட்டைச் சாத்துவது, மணியை நிறுத்தாமல் அடிப்பது, வாளியைத் தவிர வேறு எதையும் பார்க்காதிருப்பது. கேட்டைச் சாத்தச் சொன்னதும் கேசவன்தான். பட்டணத்தில் வேடிக்கைக் கூட்டம் உள்ளே புகுந்து தண்ணீர்க் குழாயையே மிதித்துவிடும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாவி துரைசாமியிடம் இருக்கும்.

ஆட்களுக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இருட்டும்வரை வாளி தூக்குகிறோமே, நமக்கு என்ன லாபம்? அதில் நியாயம் இருந்தது. கேசவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சின்ன சாயபுவிடம் போனான். துரைசாமியும் கூட நின்றான்.

"தெருவுல கேக்கறாங்க சாயபே. நாளைக்கி எங்க கூரை பத்திக்கினா இந்தப் படை வருமான்னு."

"அரே, இன்னா கேள்விப்பா இது?" என்றார் ஆபித் பாஷா. "உன் தெரு வேற, என் கம்பெனி வேறயா? எங்க பொகையோ அங்க படை. வாளி, கொக்கி எல்லாம் எடுத்துக்கினு போ. இது என் வாக்கு. போயி சொல்லு எல்லாருக்கும்."

அந்த நேரத்தில் அவர் மனசாரத்தான் சொல்லியிருப்பார். நெருப்பு இல்லாத நாளில் அதைச் சொல்வதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. கேசவன் அன்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கிழவிகள்கூட அவன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அந்த வாக்கை நம்பித்தான் தெரு தன் கிணற்றுத் தோல்வாளியான சாலையும் கொடுத்தது.

தெருவின் கிணறு ஆழக் கிணறு. சின்னச் செம்பைக் கட்டி இறைத்தால் ஒரு குடம் நிறையக் கை ஓய்ந்துவிடும். ஏழுமலைக்குக் கால் போனபோது பெரிய சாயபு இரக்கப்பட்டு ஓர் எருமைத்தோல் கொடுத்திருந்தார். அதை விற்காமல், தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு சாலாகத் தைத்துக் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன். இரண்டு பெண்கள் சேர்ந்து இழுத்தால் மூன்று குடம் ஒரே இழுப்பில் நிறையும். கருகருவென்று, எண்ணெய் குடித்த தோல். தையலில் ஒரு சொட்டு ஒழுகாது.

துரை மறுபடி பார்வைக்கு வரும் நாளில் கம்பெனிச் சுவரில் சிவப்புப் பலகை அடித்து, கொக்கிகளில் சிவப்பு வாளிகள் மாட்டியிருக்க வேண்டும். பட்டணத்திலிருந்து வரவேண்டிய வாளிகளில் சில வந்து சேரவில்லை. நடுக் கொக்கி காலியாக நின்றது. துரைசாமிதான் சொன்னான்: "நம்ம கெணத்துச் சால் கீதே மாப்ளே."

அமிர்தவள்ளிக்கு இது பிடிக்கவில்லை. "வேணாம்ணா. ஊர்ச் சாமான் அது. நாளைக்கி யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்மே. தொரை அந்தாண்ட போன மறுநாளு நானே தூக்கியாந்து மாட்டறேன். உங்கண்ணன் மேல நம்பிக்க இல்லியா?"

அண்ணன் அப்படிக் கேட்டால் எந்தத் தங்கைதான் இல்லை என்பாள்? ஏழுமலையும், "எடுத்துக்கினு போங்கடா, தொரைகாரன் என் தையலப் பாக்கட்டும்" என்றார். கேசவன் சாலைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தன் கையாலேயே சிவப்புச் சாயம் அடித்து நடுக் கொக்கியில் மாட்டினான். துரை அதைத் தட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். சின்ன சாயபுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துரை எப்போது வேண்டுமானாலும் வருவார், இருக்கட்டும் என்றார். கேசவன் மச்சானிடம் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான். மூன்றாவது தடவை கேட்க அவனுக்கே கூச்சமாக இருந்தது. பெண்கள் பழையபடி செம்பில் கயிறு கட்டி இறைத்துக்கொண்டு, கேசவன் அந்தப் பக்கம் போனால் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

பங்குனி பிறந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு. ஜும்மா நாள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மேற்கிலிருந்து காற்று தீய்ந்த வாடையோடு வீசிக்கொண்டிருந்தது. ஜவ்வாது மலைப் பக்கம் வெளிறிக் கிடந்தது. தெருவில் ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில்தான். கேசவன் களியை உருட்டிப் புளிச்சக்கீரைக் கடைசலில் தொட்டு வாயில் வைத்தான். அப்போது கம்பெனி மணி அடித்தது.

பயிற்சி இல்லாத நாளில் அது அடித்தது அதுதான் முதல் தடவை.

"மணிடா!" என்று ஏழுமலை துள்ளினார், கால் இருந்தால் அவரே ஓடியிருப்பார். "போடா, போ! கை கழுவாத, போ! பட்டை பத்திக்கினா அவ்ளோதான்!"

"இருய்யா, தொப்பி!" என்று அமிர்தவள்ளி எடுத்துக்கொடுத்தாள். கேசவன் விசிலை ஊதிக்கொண்டு கிழக்கே ஓடினான். ஒவ்வொரு கூரைக்குள்ளிருந்தும் ஒரு ஆள் எச்சில் கையோடு வந்து பின்னால் சேர்ந்தான். புளியந்தோப்பைத் தாண்டும்போது கேசவனுக்கு நெஞ்சு விம்மியது, பயத்தில் பாதி, பெருமையில் பாதி. இத்தனை பேரையும் ஓடி வர வைத்தது தன் படிப்பு அல்லவா? யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மணி முன்னால் அடிக்கும்போது பின்னால் பார்க்க என்ன இருக்கிறது?

உள்ளே நுழைந்ததும் துரைசாமி கேட்டைச் சாத்திப் பூட்டினான். உள்ளே நெருப்பு இல்லை.

"எங்க மச்சான்?"

"வெளியில. காத்துல பொறி வருது பாரு. பட்டைக் கெடங்கு கூரைய நனைக்கணும். சீக்கிரம், சீக்கிரம்!" துரைசாமி முகத்தில் வேர்வை கொட்டியது. சின்ன சாயபு தொழுகைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கிடங்கின் முன்னால் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். மேற்கே மதிலுக்குமேல் கறுப்புப் புகை எழுந்து, அவர்கள் தலைக்குமேல் வளைந்து கிழக்கே போனது.

"வெளிய எங்க பத்துது?"

"புளியந்தோப்புக்கு அந்தாண்ட, குப்பை மேடு. குப்பைதான் மாப்ளே. நீ வரிசையப் பாரு."

மச்சான் சொன்னான். கேசவன் வரிசையைப் பார்த்தான். மேற்கே முதுகைக் காட்டி ஆட்கள் நின்றார்கள். வாளிகள் போயின, வந்தன. ஏணியில் நின்றவன் கூரைமேல் வீசினான். மணி நிற்காமல் அடித்தது. அந்தச் சத்தத்தில் வேறு ஒரு சத்தமும் காதில் விழவில்லை. பட்டணத்துச் சார்ஜன் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். அவ்வளவு ஒழுங்கு.

கிணற்று மேட்டில் நின்றவனுக்கு மட்டும்தான் மதிலுக்கு வெளியே கொஞ்சம் தெரியும். கரீம் மசூதியிலிருந்து நேராக ஓடி வந்து மாடு பூட்டியிருந்தான். அவன் கவலைக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"கேசவா! தோஸ்த்! உன் தெரு பக்கம்டா அது!"

வரிசை ஒரு நிமிஷம் தடுமாறியது. சில தலைகள் திரும்பின.

"குப்பைடா! அவனுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சு!" என்று துரைசாமி கத்தினான்.

கேசவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் நேராகக் கண்ணைப் பார்த்து, "குப்பைதான்" என்று மறுபடி சொன்னான். அமிர்தவள்ளியின் அண்ணன், செல்லம்மாளின் தாய்மாமன். அவன் பொய் சொல்வான் என்று நினைக்கக் கேசவனுக்குத் தெரியவில்லை. விசிலை ஊதினான். தொண்டை கிழியக் கத்தினான்.

"நெருப்பப் பாக்காதே! வாளியப் பாரு!"

தலைகள் திரும்பின. வாளிகள் மறுபடி ஓடின. அந்தக் கத்தலைக் கேசவன் சாகும்வரை மறக்கவில்லை.

கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். எரிகிற கீற்றுத் துண்டு ஒன்று காற்றில் மிதந்து வந்து கேசவனின் காலடியில் விழுந்தது. ஈரச் சாக்கால் அடித்து அணைத்தான். அணைந்த இடத்திலிருந்து ஒரு நாற்றம் எழுந்தது. கருகின தோல். அவன் குனிந்து பார்த்தான். பனங்கீற்று. அதில் ஒரு தோல் வார், இரண்டு சுற்றுச் சுற்றி முடி போட்டது, பாதி எரிந்து சுருண்டிருந்தது. குப்பை மேட்டில் கீற்று இருக்கலாம். வார் போட்டுக் கட்டின கீற்று இந்த ஊரிலேயே ஒரு தெருவில்தான் இருக்கிறது. அந்த முடியும் அவன் அப்பன் போடும் முடி.

கேசவன் கேட்டுக்கு ஓடினான். "தொற மச்சான்."

துரைசாமி சாவியை இடுப்பில் செருகிக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டான். "தொறக்க உத்தரவில்ல மாப்ளே."

"தெரு எரியுது மச்சான். நைனா உள்ள கீறாரு. நடக்க முடியாத மனுசன். உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்டா, தெரியும்! வள்ளி பாத்துக்குவா. பொம்பளைங்கல்லாம் கீறாங்க. தொறந்தா இத்தினி பேரும் ஓடிடுவாங்க, பட்டை பத்திக்கும். பட்டை போனா கம்பெனி போச்சு. அப்புறம் ஊரே சோத்துக்கு இன்னா பண்ணும்?" துரைசாமி சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "வரிசைல நிக்கறவனுக்கு நெருப்பு தெரியக்கூடாதுன்னு நீதானே சொன்ன? நீ சொன்னததான் சாயபு செய்யச் சொன்னாரு."

கேசவன் அவன் இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேரும் மண்ணில் புரண்டார்கள். வரிசையில் இருந்தவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அதற்குள் கரீம் சிவப்புப் பலகையிலிருந்த கோடாலியை உருவிக்கொண்டு வந்துவிட்டான். சின்ன சாயபு, "கரீம்! நை, நை!" என்று கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் பூட்டின்மேல் கோடாலி விழுந்தது. அந்தத் தெருவில் அவனுக்கு வீடு இல்லை, வாசல் இல்லை, ஒரு சொந்தம் இல்லை. வரிசையை உடைத்தவன் அவன்தான்.

கொக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்று போகும் பக்கத்தில் கடைசி மூன்று கூரைகளை இழுத்துத் தள்ளினார்கள். நெருப்பு வந்து பார்த்தது, பத்த ஒன்றும் இல்லாமல் நின்றது. படிப்பு பொய்யில்லை. மேற்கே வைக்கோல் போரில் பிடித்த உடனேயே அதைச் செய்திருந்தால் நாலைந்து வீட்டோடு போயிருக்கும்.

பெண்கள் கிணற்றடியில் செம்பைக் கட்டி இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு செம்பு மேலே வருவதற்குள் ஒரு கூரை போய்விட்டது. அமிர்தவள்ளி முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தோப்பில் விட்டுவிட்டு, மாமனாருக்காகத் திரும்பி வந்திருக்கிறாள். அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்தும்விட்டாள். அங்கே கூரை அவர்மேல் இறங்கிவிட்டது. கேசவன் வந்து பார்த்தபோது அவள் உள்ளங்கைகள் இரண்டும் தோல் உரிந்து, புழுதியில் உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிக்குது, அடிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாருய்யா" என்றாள். "படை வந்துடும், எம்புள்ள வந்துடுவான்னு. கடைசி வரைக்கும்."



மூன்றாம் நாள் கம்பெனி வண்டியில் மூங்கிலும் ஓலையும் அரிசியும் வந்தன. வண்டியோடு சின்ன சாயபுவும் துரைசாமியும் வந்தார்கள். சாயபுவின் வீட்டு அம்மா முனவ்வர் பேகம் தீப்புண்ணுக்கென்று ஏதோ களிம்பு கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல மனசுதான். ஆபித் பாஷாவும் உட்கார இடமில்லாத அந்தச் சாம்பலில் நின்றபடி கண் கலங்கினார்.

"கேசவா, நீயே சொல்லு. முன்னூறு குடும்பத்துச் சோறு அந்தப் பட்டைலதான் கீது. நான் வேற இன்னா பண்ணியிருக்கணும்?"

"கேட்டிருக்கணும் சாயபே" என்றான் கேசவன். "தெரு எரியுது, கம்பெனியும் எரிஞ்சிடும், இன்னா பண்ணலாம்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பாதிப் பேர அங்க நிக்க வெச்சிட்டு, பாதிப் பேரோட கொக்கி எடுத்துக்கினு வந்திருப்பேன். ரெண்டும் தப்பிச்சிருக்கும். அதுக்குத்தானே படிக்க அனுப்புனீங்க? நீங்க கேக்கல. குப்பைன்னு சொன்னீங்க."

சாயபு துரைசாமியைப் பார்த்தார். துரைசாமி தரையைப் பார்த்தான். பிறகு தங்கையிடம் போய்க் குனிந்து, "வள்ளி, நான் வெறும் வேலக்காரன்மே. சொன்னதச் செஞ்சேன்" என்றான்.

துணி சுற்றின கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமிர்தவள்ளி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "சால் விஷயத்துல மட்டும் ஏன்ணா சொன்னதச் செய்யல?" என்றாள். ஓலையை இறக்கி வைத்துவிட்டு வண்டி திரும்பிப் போனது.

ஓலையை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரோஷம் பார்க்க முடியுமா? ஆனால் அந்தத் தெரு கேசவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். வாக்கைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தவன் அவன். சாலைத் தோளில் போட்டுக்கொண்டு போனவனும் அவன். வாளியைப் பார் என்று கத்தினவனும் அவன்தான். அவனை ஏமாற்றினவர்கள் இரண்டு பேர். அவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இவன் தெருவிலேயே இருந்தான்.

மாசக் கடைசியில் இன்சூரன்ஸ்கார துரை வந்தார். அத்தனை பெரிய நெருப்பிலும் ஒரு கட்டுப் பட்டைகூடச் சேதமாகவில்லை என்று கேள்விப்பட்டு, படையை நேரில் பார்த்துப் பாராட்ட வந்திருந்தார். துரைசாமி மணி அடித்தான். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வேலை வேண்டுமே, நின்றுதானே ஆகவேண்டும்? ஆனால் ஒருவனும் முதுகைக் காட்டவில்லை. எல்லாரும் தங்கள் தெரு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரீமை ஏற்கனவே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள், கிணற்று மேட்டில் புது ஆள். துரை கேசவனிடம் கை நீட்டினார். கேசவன் தொப்பியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான், அதன்மேல் விசிலையும் வைத்தான். நேராகச் சிவப்புப் பலகைக்குப் போய், நடுக் கொக்கியிலிருந்து சாலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தான். "மாப்ளே" என்று ஒரு குரல் கேட்டது. அவன் திரும்பவில்லை.

சாயங்காலம் கிணற்றடியில் கூட்டம். கை ஆறாததால் அமிர்தவள்ளிக்கு வேறொருத்தி இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேசவன் சாலைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, தானே இழுத்து மேலே கொண்டுவந்தான். விளிம்புவரை தண்ணீர். ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாருடைய குடத்தில் ஊற்றுவது என்று சுற்றிப் பார்த்தான். ஒருத்தியும் குடத்தை நகர்த்தவில்லை.

"வள்ளி, உன் கொடத்த வை."

"வேணாம்."

"நைனா தெச்ச சாலுடி."

அமிர்தவள்ளி சாலைப் பார்த்தாள். தொடவில்லை. "மாமா தெச்சது கறுப்பு" என்றாள்.

மற்றவள் செம்பை மறுபடி உள்ளே விட்டாள். அது அடியில் போய்த் தண்ணீரில் முட்டும் சத்தம் கேட்க வெகு நேரம் ஆனது. கேசவன் சாலைக் கவிழ்த்துவிட்டு, கிணற்று மேடையில் உட்கார்ந்து, தோல் சுரண்டும் கத்தியை எடுத்தான். மேலே இருந்த சிவப்பு ஏடு ஏடாக உரிந்து விழுந்தது. அதற்கு அடியிலும் சிவப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினான். தோலுக்குள் இறங்கின சாயம் திரும்பி வெளியே வராது என்பது அந்த ஊரில் செல்லம்மாள் வயசுக் குழந்தைக்கும் தெரியும். இருட்டும்வரை அவன் சுரண்டிக்கொண்டே இருந்தான். குடங்கள் நிறைந்ததும் பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.